எந்த இண்டிகேட்டர், பியூரெட்டில் எது? எலுமிச்சை, போர் தண்ணீர், செக்கெண்ணெய், சுண்ணாம்பு நான்கையும் வைத்து ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். காரைக்குடியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். புராஜெக்டுக்காக வீட்டைச் சுற்றி இருக்கிற நான்கு பொருட்களை டைட்ரேஷன் (வலிமை தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செலவான அளவை வைத்து அமிலத்தையோ காரத்தையோ கணக்கிடுவது) செய்து பார்க்கப்போகிறீர்கள்: அப்பத்தா போடும் எலுமிச்சை ஊறுகாய், வீட்டு போர் தண்ணீர், பலகாரம் சுடுகிற செக்குக் கடலை எண்ணெய், பழைய வீட்டு மராமத்துக்கு வந்து இறங்கியிருக்கும் சுண்ணாம்பு. கையில் இருக்கும் இண்டிகேட்டர்கள், அதாவது முடிவை நிறம் மாறிக் காட்டும் சாயங்கள், பினாப்தலீன், மெத்தில் ஆரஞ்சு, மெத்தில் ரெட். எதற்கு எதை விடுவது, பியூரெட்டில் (சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாயில்) எதை நிரப்புவது, 'வீரியமிக்க அமிலம், வீரியம் குறைந்த காரம் என்றால் மெத்தில் ஆரஞ்சு' என்கிற அந்த நாலு வரி அட்டவணையை மட்டும் நம்பி இறங்கலாமா என்பது கேள்வி.

அட்டவணையில் தப்பில்லை. ஆனால் அது, குடுவையில் முதலில் என்ன இருந்தது என்பதை வைத்துப் பேசுகிறது. இண்டிகேட்டருக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அந்த நேரத்தில் குடுவையில் இருக்கிற பிஎச் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் எண்) ஒன்றுதான். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, 'அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகத் தீர்ந்த நொடியில் குடுவையில் என்ன உப்பு மிச்சம் இருக்கும், அந்த உப்புக் கரைசலின் பிஎச் என்ன, அந்த இடத்தில் ஒரு சொட்டுக்கு பிஎச் எவ்வளவு தாவும்?' என்பதுதான். இதற்குப் பதில் தெரிந்தால் இண்டிகேட்டர் தானாக வந்துவிடும். உங்கள் நான்கு பொருளும் இதைச் சோதிக்க நல்ல பொருட்கள், ஏனென்றால் நான்கும் நான்கு விதமாக மக்கர் பண்ணும்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 25 மி.லி. 0.1 மோலார் (மோலார் என்பது செறிவின் அலகு) ஹைட்ரோகுளோரிக் அமிலம், பியூரெட்டில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. பியூரெட்டின் ஒரு சொட்டு சுமார் 0.05 மி.லி. முடிவுக்கு ஒரு சொட்டு முன்னால், அதாவது 24.95 மி.லி.யில், பிஎச் 4. ஒரு சொட்டு தாண்டினால் 10. இரண்டே சொட்டில் ஆறு படி ஏறிவிடுகிறது. மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறுவது 3.1-க்கும் 4.4-க்கும் நடுவில், மெத்தில் ரெட் 4.4 முதல் 6.2 வரை, புரோமோதைமால் புளூ 6.0 முதல் 7.6 வரை, பினாப்தலீன் 8.2-இலிருந்து 10 வரை. இந்தத் தாவலுக்கு எதைப் போட்டாலும் விடை ஏறக்குறைய ஒன்றுதான். பிளஸ் டூ லேபில் எந்த பாட்டில் கைக்கு வந்ததோ அதை ஊற்றினாலும் மார்க் வந்ததற்குக் காரணம் இதுதான்.

அதே இடத்தில் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர், இருந்தால் கதை வேறு. அதன் பிகேஏ (அமிலத்தின் பலவீனத்தைக் காட்டும் எண், கூடக் கூடப் பலவீனம்) 4.76. 24.95 மி.லி.யிலேயே பிஎச் 7.46-க்கு வந்துவிடும், சரியாகத் தீரும் இடத்தில் 8.73, ஒரு சொட்டு தாண்டினால் 10. தாவல் இரண்டரைப் படிதான், அதுவும் காரப் பக்கம். பினாப்தலீன் கச்சிதமாகப் பொருந்துகிறது. இங்கே மெத்தில் ஆரஞ்சை விட்டால் 7.6 மி.லி. போனதுமே முழு மஞ்சளாகிவிடும், ஏனென்றால் பிஎச் அங்கேயே 4.4-ஐத் தொட்டுவிட்டது. உண்மையான அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் 'டக்'கென்று மாறாது, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே போகும். நிறம் இழுக்கிறது என்றால் இண்டிகேட்டர் தப்பு, அல்லது தாவலே இல்லை. இரண்டில் ஒன்று.

அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பார்த்தால் இதன் கண்ணாடி பிம்பம்: முடிவில் அம்மோனியம் குளோரைடு, பிஎச் 5.3 சுமார். மெத்தில் ரெட் பிரமாதம், மெத்தில் ஆரஞ்சு பரவாயில்லை, பினாப்தலீன் கூடவே கூடாது.

இன்னொரு விஷயம் பலரும் மறப்பது, செறிவு. மேலே சொன்ன முதல் கணக்கில் இரண்டு கரைசலையும் பத்து மடங்கு நீர்த்து 0.01 மோலார் ஆக்கினால் தாவல் 4 முதல் 10 என்பது 5 முதல் 9 என்று சுருங்கிவிடும். இப்போது மெத்தில் ஆரஞ்சு முடிவுக்கு 0.2 மி.லி. முன்பே மஞ்சளாகிவிடும், 25-இல் 0.8 சதவீதம் பிழை. 'எந்த அமிலமும் எந்தக் காரமும் வீரியமிக்கதாக இருந்தால் எந்த இண்டிகேட்டரும் ஆகும்' என்பது 0.1-க்குச் சரி, 0.01-க்குச் சரியில்லை. ரொம்ப பலவீனமான அமிலங்களுக்கும் ஒரு எல்லை உண்டு: பிரிகை மாறிலியை (அமிலம் தண்ணீரில் எவ்வளவு பிரிகிறது என்பதைக் காட்டும் எண்) செறிவால் பெருக்கினால் 10-இன் அடுக்கு மைனஸ் 8-க்குக் கீழே போய்விட்டால் தண்ணீரில் இண்டிகேட்டர் வைத்துப் பார்ப்பதை மறந்துவிடலாம். போரிக் அமிலம் (பிகேஏ 9.24) அப்படித்தான். அதற்கு கிளிசராலோ மானிட்டாலோ சேர்த்து அமிலத்தன்மையைக் கூட்டிவிட்டு, பிறகு பினாப்தலீன் விட்டுப் பார்ப்பார்கள்.

சரி, பியூரெட்டுக்குள் என்ன?

விதி ஒன்றுதான்: டைட்ரண்ட், அதாவது பியூரெட்டில் இருக்கும் கரைசல், எப்போதும் வீரியமிக்கதாக இருக்கவேண்டும். வினிகரை அம்மோனியாவால் பார்த்தால் முடிவில் பிஎச் 7 என்று கணக்கு அழகாக வரும், அதற்குப் பொருந்துகிற புரோமோதைமால் புளூவும் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் தாவல் கிடையாது, வளைவு சோம்பலாக ஏறும், எந்தச் சொட்டில் நிறுத்துவது என்று உங்கள் கண்ணுக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் தெரியாது. 

அமில டைட்ரண்டுகளில் ஹைட்ரோகுளோரிக் முதல் தேர்வு. அதன் குளோரைடு உப்புகள் பெரும்பாலும் கரைந்தே இருக்கும். சல்ஃபியூரிக் அமிலமும் நல்லதுதான், தண்ணீர் பரிசோதனைக்கு அதைத்தான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள், ஆனால் கால்சியம், பேரியம் அதிகம் இருக்கிற மாதிரியில் வீழ்படிவு விழும். நைட்ரிக் அமிலம் ஆக்சிஜனேற்றி, அதில் இருக்கும் கொஞ்சம் நைட்ரஸ் அமிலம் இண்டிகேட்டரையே தின்றுவிடும். அதைத் தேடிப் போகக் காரணமே இல்லை. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 12 மோலார், லிட்டருக்கு 8.5 மி.லி. எடுத்தால் 0.1 மோலார் 'சுமாராக' வரும். சரியான அளவு தெரிய, நீர் நீக்கி உலர்த்திய சோடியம் கார்பனேட்டால் தரப்படுத்தவேண்டும். சமான எடை (ஒரு லிட்டர் 1 நார்மல் கரைசலுக்கு வேண்டிய கிராம்) 53, 250 மி.லி. 0.1 நார்மலுக்கு 1.325 கிராம்.

காரப் பக்கம் சோடியம் ஹைட்ராக்சைடு. இதுதான் தொல்லை பிடித்த பிள்ளை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாட்டிலைத் திறந்து வைத்தால் வில்லைகள் கண்ணெதிரே ஈரத்தைக் குடித்துக் கசியும், அதனால் எடை போட்டு நேராக நார்மாலிட்டி எழுதவே முடியாது. ஆக்ஸாலிக் அமிலத்தாலோ (250 மி.லி. 0.1 நார்மலுக்கு 1.576 கிராம் படிகம்), பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டாலோ (மூலக்கூறு எடை 204.2) பினாப்தலீன் வைத்துத் தரப்படுத்துங்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இண்டிகேட்டரும் டைட்ரண்டும் தனித்தனிக் கேள்வி இல்லை என்பது இங்கேதான் தெரியும். உங்கள் 0.1 நார்மல் ஹைட்ராக்சைடில் 2 சதவீதம் காற்று பட்டுக் கார்பனேட்டாக மாறிவிட்டது என்று வையுங்கள். மெத்தில் ஆரஞ்சு விட்டு ஒரு வீரிய அமிலத்தைப் பார்த்தால், நிறம் மாறும் பிஎச்-இல் கார்பனேட் முழுவதுமாக அமிலத்தோடு வினைபுரிந்திருக்கும், எதுவும் குறையாது, கரைசல் இன்னும் 0.1 நார்மல்தான். பினாப்தலீன் விட்டுப் பார்த்தாலோ, நிறம் மாறும் இடத்தில் கார்பனேட் பைகார்பனேட் வரைதான் போயிருக்கும், பாதி வேலைதான் செய்திருக்கும். அதே பாட்டில் இப்போது 0.099 நார்மல். ஒரே கரைசல், இரண்டு வலிமை! ஆகவே டைட்ரண்டைத் தரப்படுத்தும்போது எந்த இண்டிகேட்டரோ, பொருளைப் பார்க்கும்போதும் அதே இண்டிகேட்டர். பினாப்தலீனில் தரப்படுத்தினால் எலுமிச்சையையும் பினாப்தலீனிலேயே பாருங்கள், அந்தப் பிழை தன்னைத் தானே அடித்துக்கொள்ளும்.

கார்பனேட் இல்லாமல் தயாரிக்கவும் வழி இருக்கிறது. எடைக்கு எடை 50 சதவீதம் வருகிற மாதிரி ஹைட்ராக்சைடைத் தண்ணீரில் கரைத்து (கொதிக்கக் கொதிக்கச் சூடாகும், பிளாஸ்டிக் குடுவை, கண்ணுக்குக் கண்ணாடி, தண்ணீரில்தான் வில்லையைப் போடவேண்டும்) மூடி வைத்துவிட்டால், அவ்வளவு அடர்த்தியில் கார்பனேட் கரையாமல் அடியில் படியும். மேலே தெளிந்ததை எடுத்து, கொதிக்க வைத்து ஆறிய காய்ச்சி வடித்த தண்ணீரில் நீர்த்தால் போதும். சேமிப்பது பிளாஸ்டிக் பாட்டிலில். கண்ணாடி ஸ்டாப்காக் பியூரெட்டில் ஹைட்ராக்சைடை ராத்திரி முழுக்க விட்டால் மறுநாள் திருகு அசையாது.

நம்மூர் வெயிலுக்காக ஒன்று. இந்தியக் கண்ணாடி அளவுக்கலன்களில் 27 டிகிரி என்று எழுதியிருக்கும். ஏசி அறையில் 27-இல் ஆக்கிய கரைசலை சித்திரை மாதம் 37 டிகிரி அறையில் பயன்படுத்தினால், தண்ணீர் விரிவதாலேயே சுமார் 0.3 சதவீதம் வலிமை குறைந்திருக்கும். புராஜெக்டுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் நான்காவது தசம இலக்கம் வரை நார்மாலிட்டி எழுதுகிறவர்கள் ஒரு தடவை யோசிக்கலாம்.

இனி உங்கள் பொருட்கள்.

எலுமிச்சைச் சாறு எளிது. சிட்ரிக் அமிலத்துக்கு மூன்று பிகேஏ: 3.13, 4.76, 6.40. மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் நடுவில் தனித்தனித் தாவல் வராது, மூன்று புரோட்டானும் போன பிறகு பிஎச் 9-ஐ ஒட்டி ஒரே தாவல். பினாப்தலீன், பியூரெட்டில் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு. மெத்தில் ஆரஞ்சு விட்டால் உண்மை அளவில் பாதிகூட வராத இடத்தில் மஞ்சளாகி உங்களை ஏமாற்றும். சாறு 10 மி.லி. எடுத்து 100-ஆக நீர்த்து அதில் 10 மி.லி. பிப்பெட் செய்யுங்கள். சாற்றில் 6 சதவீதம் சிட்ரிக் அமிலம் இருந்தால் டைட்டர் (செலவான டைட்ரண்டின் அளவு) 9.4 மி.லி. பக்கம் வரும், சமான எடை 64 வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். வினிகருக்கும் இதே ஏற்பாடுதான், சமான எடை மட்டும் 60. புளிக்கு டார்டாரிக், 75. புளிக்கரைசலின் பழுப்பு நிறத்தில் இளஞ்சிவப்பு தெரியாது, அதனால் நன்றாக நீர்த்துக்கொள்ளவேண்டும்.

ஊறுகாய்க்கு வந்தால்தான் வம்பு. மிளகாய்த்தூள் சிவப்பு ஒரு பக்கம், அதைவிட மஞ்சள்தூள். ஆலத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் ரத்தச் சிவப்பாகிறதே, அது விசேஷ வீட்டுச் சடங்கு மட்டுமில்லை, தெளிவான அமில கார நிறமாற்றம். மஞ்சளில் இருக்கும் குர்குமின் பிஎச் 7.4-க்கும் 8.6-க்கும் நடுவில் மஞ்சளிலிருந்து சிவந்த பழுப்புக்குப் போகிறது. அதாவது உங்கள் ஊறுகாய்க்குள் ஏற்கெனவே ஒரு இண்டிகேட்டர் இருக்கிறது, அது பினாப்தலீனுக்குக் கொஞ்சம் முன்னாலேயே சிவக்கத் தொடங்கும். இரண்டு சிவப்பையும் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. இங்கே இண்டிகேட்டரே வேண்டாம், பிஎச் மீட்டர் வைத்து 8.1 அல்லது 8.2 வந்ததும் நிறுத்துங்கள், நிறமுள்ள பழச்சாறுகளுக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். மின்வேதியியலுக்கென்றே 1953-இல் திறந்த மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு எலக்ட்ரோடைப் பார்த்துப் பயப்படக்கூடாது. பிஎச் 4, 7, 9.2 என்று மாறாமல் நிற்கும் தாங்கல் கரைசல்களில் மீட்டரைச் சரிசெய்துகொண்டு, முடிவு நெருங்கும்போது 0.1 மி.லி. 0.1 மி.லி.யாக விட்டு, பிஎச் எண் நின்ற பிறகு எழுதுங்கள்.

அப்பத்தாவிடம் இதைச் சொல்லும்போது ஒன்றைக் குழப்பிவிடாதீர்கள். டைட்ரேஷனில் வருவது மொத்த அமில அளவு. ஊறுகாய் கெடாமல் இருப்பதற்குப் பார்க்கவேண்டியது பிஎச், அது 4.6-க்குக் கீழே இருக்கவேண்டும். இரண்டும் ஒன்றல்ல. நிறைய அமிலம் இருந்தும் பிஎச் அவ்வளவு கீழே போகாமல் இருக்கலாம், ஏனென்றால் பழத்திலேயே சிட்ரேட் உப்புகள் இருந்து தாங்கலாக வேலை செய்யும். புராஜெக்டில் இரண்டு எண்ணையும் எழுதுங்கள்.

போர் தண்ணீர். இங்கே நீங்கள் அளப்பது காரத்தன்மை, அதாவது பெரும்பாலும் பைகார்பனேட், அதனால் பியூரெட்டில் அமிலம். 0.02 நார்மல் சல்ஃபியூரிக் வசதியானது, அதன் 1 மி.லி. கால்சியம் கார்பனேட் கணக்கில் சரியாக 1 மில்லிகிராம். 100 மி.லி. தண்ணீர் எடுத்தால் டைட்டரைப் பத்தால் பெருக்கினால் லிட்டருக்கு மில்லிகிராம். முதலில் பினாப்தலீன் விடுங்கள். நிறமே வராவிட்டால் கார்பனேட்டும் ஹைட்ராக்சைடும் சொல்லும்படி இல்லை என்று அர்த்தம், போர் தண்ணீரில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். அதே குடுவையில் அப்புறம் மெத்தில் ஆரஞ்சு விட்டுத் தொடருங்கள். இங்கே முடிவில் மிச்சம் இருப்பது கார்பானிக் அமிலம், அதனால்தான் முடிவுநிலை அமிலப் பக்கம். அதிலும் ஒரு நுணுக்கம்: காரத்தன்மை 30 மில்லிகிராம் அளவில் இருந்தால் முடிவு பிஎச் 4.9, 150-க்கு 4.6, 500-க்கு 4.3. காரத்தன்மை கூடக் கூட மெத்தில் ஆரஞ்சு இன்னும் பொருத்தமாகும், காரத்தன்மை குறைந்த தண்ணீருக்கு புரோமோகிரீசால் கிரீனும் மெத்தில் ரெட்டும் கலந்தது மேல். சம்பை ஊற்றுத் தண்ணீரையும் வீட்டு போர் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்த ஊற்றின் ருசிக்கு ஊரில் இருக்கிற பெயருக்கு ஒரு எண் கிடைக்கும். குடிநீருக்கான இந்திய நியமம் ஐ.எஸ். 10500-இல் மொத்தக் காரத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீர் கிடைக்காதபோது 600 வரை.

மெத்தில் ஆரஞ்சின் மஞ்சள்-ஆரஞ்சு மாற்றம் டியூப்லைட் வெளிச்சத்தில் பலருக்குப் பிடிபடாது. இன்னொரு குடுவையில் அதே அளவு தண்ணீரும் அதே இரண்டு சொட்டு இண்டிகேட்டரும் விட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'இதைவிட நிறம் மாறிவிட்டதா' என்று பாருங்கள். அடியில் வெள்ளை டைல். சைலீன் சயனால் கலந்த மெத்தில் ஆரஞ்சு கிடைத்தால் பச்சையிலிருந்து சாம்பல் வழியாக ஊதாவுக்குப் போகும், கண்ணுக்கு எளிது. குழாயில் வரும் குளோரின் போட்ட தண்ணீர் என்றால் அந்தக் குளோரின் இண்டிகேட்டரை வெளுக்க வைத்துவிடும், ஒரு சொட்டு சோடியம் தயோசல்ஃபேட் முன்னால் விடவேண்டும். கடினத்தன்மை வேறு கணக்கு, அது இ.டி.டி.ஏ. என்கிற வேறொரு டைட்ரண்டை வைத்துப் பார்ப்பது, இதில் சேர்க்காதீர்கள்.

எண்ணெய். தண்ணீரில் கரையாத பொருளுக்கு டைட்ரண்ட் என்னவென்பதைவிட, எந்தக் கரைப்பானில் வைப்பது என்பதே முதல் கேள்வி. 10 கிராம் எண்ணெயை எடுத்து, ஏற்கெனவே நடுநிலையாக்கிய சூடான ஆல்கஹால் 50 மி.லி. சேர்த்து, பினாப்தலீன் விட்டு, 0.1 நார்மல் சோடியம் அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் நன்றாகக் குலுக்கிக் குலுக்கிப் பாருங்கள். ஆல்கஹால் தீப்பிடிக்கும், ஸ்டவ் பக்கத்தில் வேண்டாம், தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்குங்கள். முன்னாலேயே நடுநிலையாக்கச் சொல்வது ஏனென்றால் ஆல்கஹாலிலேயே கொஞ்சம் அமிலம் இருக்கும், அதை எண்ணெய் கணக்கில் எழுதிவிடக்கூடாது. இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் போதும். கொழுப்பு அமிலமும் பலவீனமான அமிலம்தான், முடிவில் மிச்சம் சோப்பு, அது காரப் பக்கம், அதனால் பினாப்தலீன். பொட்டாசியம் சோப்பு ஆல்கஹாலில் எளிதாகக் கரையும் என்பதால் பலர் பொட்டாசியத்தை விரும்புவார்கள். டைட்டர் 3.0 மி.லி. வந்தால் ஒலியிக் அமிலமாக 28.2 × 3.0 × 0.1 ÷ 10, அதாவது 0.85 சதவீதம். அமில மதிப்பு (ஒரு கிராம் எண்ணெய்க்கு எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) வேண்டுமென்றால் 28.2-க்குப் பதில் 56.1, விடை 1.68. பல ஈடு தேன்குழல் சுட்டுக் கருத்துப்போன எண்ணெயில் இளஞ்சிவப்பு தெரியாது. அதற்கு தைமால்தலீன் முயன்று பாருங்கள், 9.3-லிருந்து 10.5-க்குள் நிறமற்றதிலிருந்து நீலமாகும், பழுப்பில் நீலம் பச்சையாகத் தெரியும். கவனம், இந்த எண் எண்ணெய் சிதைந்து விடுபட்ட அமிலத்தை மட்டும்தான் சொல்லும், சிக்கு வாடைக்கான பெராக்சைடு வேறு டைட்ரேஷன், அதில் அயோடின் வரும்.

கடைசியாகச் சுண்ணாம்பு, எனக்குப் பிடித்தது இதுதான். நான்கில் உண்மையிலேயே காசு சம்பந்தப்பட்ட கேள்வியும் இதுதான். செட்டிநாட்டு வீடுகளில் சுவர்ப் பூச்சுக்கு, கடுக்காய் ஊறிய தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு எப்படிக் கண்ணாடி மாதிரி நின்றது என்று எல்லோரும் பேசுவார்கள். வந்து இறங்கிய மூட்டையில் உயிருள்ள சுண்ணாம்பு எவ்வளவு, காற்றுப்பட்டுச் செத்துப்போய்க் கார்பனேட் ஆனது எவ்வளவு என்று பார்ப்பவர்கள் குறைவு. வேலைக்கு ஆகிறது கால்சியம் ஹைட்ராக்சைடு மட்டும். கார்பனேட் வெறும் கல்தூள்.

இப்போது அட்டவணைக்காரர் என்ன செய்வார்? சுண்ணாம்பு வீரியமிக்க காரம், ஹைட்ரோகுளோரிக் வீரியமிக்க அமிலம், எந்த இண்டிகேட்டரும் ஆகும் என்று மெத்தில் ஆரஞ்சை விடுவார். மெத்தில் ஆரஞ்சு சிவக்கும் பிஎச்-இல் கார்பனேட்டும் நுரைத்துக் கரைந்து கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு வருடம் திறந்து கிடந்த மூட்டையும் நேற்றுச் சூளையிலிருந்து வந்ததும் ஏறக்குறைய ஒரே தரம் என்று விடை வரும். கடைக்காரருக்குச் சந்தோஷம்.

பினாப்தலீனை விட்டாலும் நேராக முடியாது, ஏனென்றால் கால்சியம் ஹைட்ராக்சைடு தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை, ஒன்றேமுக்கால் கிராம்தான் கரையும், மீதி அடியில் கிடந்து மெல்ல மெல்ல வெளியே வரும். இதற்குத்தான் சர்க்கரை. ஆமாம், அடுப்படிச் சர்க்கரைதான். சுக்ரோஸ் கரைசல் சுண்ணாம்போடு சேர்ந்து கரையக்கூடிய சாக்கரேட்டாக மாற்றிவிடும். கார்பனேட்டைத் தொடாது. மக்னீசியம் ஹைட்ராக்சைடையும் ஏறக்குறைய விட்டுவிடும். தூளை முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, 40 சதவீதச் சர்க்கரைக் கரைசல் 100 மி.லி. சேர்த்து, மூடிக் கால் மணி நேரம் அவ்வப்போது குலுக்கி, பினாப்தலீன் விட்டு, 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பாருங்கள். இளஞ்சிவப்பு முதன்முதலில் மறையும் இடம்தான் முடிவு. சிறிது நேரம் கழித்து நிறம் திரும்பி வரும், அடியில் இருப்பது இன்னும் கரைவதால். அதைத் துரத்திக்கொண்டே போகாதீர்கள், போனால் கார்பனேட்டையும் கரைக்கத் தொடங்குவீர்கள்.

கால்சியம் அதிகம் இருந்தால் சல்ஃபியூரிக்கில் வீழ்படிவு விழும் என்று சொன்னது இங்கே பலிக்கிறது: கால்சியம் சல்ஃபேட் வெள்ளையாக வந்து துகள்களின் மேல் போர்த்திக்கொண்டு உள்ளே இருப்பதைப் பூட்டிவிடும். அசிட்டிக் அமிலம் விட்டாலும் தாவல் மழுங்கும். ஆக இந்த ஒரு சோதனையில் ஹைட்ரோகுளோரிக், பினாப்தலீன் இரண்டுமே இப்படித்தான் இருந்தாகவேண்டும், மாற்று கிடையாது.

கணக்குக்கு ஒரு சௌகரியம்: 2.804 கிராம் தூள் எடுத்தால் 1 நார்மல் அமிலத்தின் ஒவ்வொரு மி.லி.யும் ஒரு சதவீதம் கால்சியம் ஆக்சைடு. ஆனால் சுத்தமான நீற்றுச் சுண்ணாம்பிலேயே அது 75.7 சதவீதம், உங்கள் 50 மி.லி. பியூரெட் நடுவில் தீர்ந்துவிடும். அதனால் பாதி, 1.402 கிராம் எடுத்து டைட்டரை இரண்டால் பெருக்குங்கள். குழைத்த ஈரச் சுண்ணாம்பாக இருந்தால் ஈரப்பதத்தைத் தனியாகப் பார்த்துக் கழிக்கவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீருக்குக் காசு கொடுத்ததை சுண்ணாம்பு மட்டம் என்று எழுதிவிடுவீர்கள். சர்க்கரைக் கரைசலை மட்டும் வைத்து ஒரு வெற்றுச் சோதனையும் செய்யுங்கள்.

கார்பனேட் எவ்வளவு என்றும் வேண்டுமானால், இன்னொரு எடையை அளந்த அதிக அமிலத்தில் போட்டு, நுரை அடங்கக் கொதிக்க வைத்து, ஆற விட்டு, மிச்ச அமிலத்தை சோடியம் ஹைட்ராக்சைடால் பினாப்தலீன் விட்டுப் பாருங்கள். கொதிக்க வைப்பதைத் தவிர்த்தால் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு பினாப்தலீனோடு விளையாடி டைட்டரைக் கூட்டும். மொத்தத்திலிருந்து சர்க்கரை முறை விடையைக் கழித்தால் கார்பனேட் வரும், கல் சுண்ணாம்பில் மக்னீசியம் இருந்தால் அதுவும் அந்தக் கழிவிலேயே ஒளிந்திருக்கும், ஆகவே 'கார்பனேட்டும் மற்றவையும்' என்று எழுதுவது நேர்மை. மராமத்தில் உதிரும் பழைய பூச்சுத் துண்டு ஒன்றை உடைத்து, உடைந்த முகத்தில் பினாப்தலீன் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்பு வராவிட்டால் அது முழுக்கக் கல்லாகத் திரும்பிவிட்டது, வந்தால் உள்ளே இன்னும் காற்றுப் படாத சுண்ணாம்பு இருக்கிறது.

உதிரியாக இரண்டு மூன்று. இண்டிகேட்டர் இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம், அதுவே ஒரு பலவீனமான அமிலமோ காரமோதான், கூட விட்டால் அதுவும் டைட்ரண்டைக் குடிக்கும். பினாப்தலீன் ஆல்கஹாலில் கரைத்தது, தண்ணீரில் அதிகம் விட்டால் வெள்ளையாகக் கலங்கும். செம்பருத்தி, சங்குப்பூச் சாறு அழகுதான், பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நிறம் பல பிஎச் படிகளுக்கு நீண்டு மாறுவதால் அளவெடுக்க உதவாது. லிட்மஸும் 5 முதல் 8 வரை இழுப்பதால்தான் அதைக் காகிதத்தோடு விட்டுவிட்டார்கள்.

வாங்கவேண்டியது என்று பார்த்தால் தைமால்தலீன் சிறிய பாட்டில் ஒன்று, பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் கொஞ்சம், டெஃப்ளான் திருகு வைத்த பியூரெட் ஒன்று. மெத்தில் ரெட்டுக்கு உங்கள் நான்கு பொருளில் தனியாக வேலை இல்லை, புரோமோகிரீசால் கிரீன் கிடைத்தால் அதோடு கலந்து போர் தண்ணீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பை முதலில் செய்துவிடுங்கள், மூட்டை திறந்து கிடக்கிற ஒவ்வொரு நாளும் உங்கள் விடை மாறிக்கொண்டிருக்கும்.